பிலோமினா அக்கா திரும்ப எடுத்த வார்த்தை

தீர்க்கதரிசன ஊழியத்தைப் பற்றிப் புதிய போதகர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நல்ல ஆளைப் பிடித்தீர்கள். மன்னார்த் தீவில் தகரக் கூரைச் சபையொன்றை ஓய்வு பெறும் வரை மேய்த்த எனக்கு ஒரு தடவைகூடத் தரிசனம் வந்ததில்லை. சொப்பனம் வரும். அதிலும் பெரும்பாலும் கொழும்பு பஸ்ஸைத் தவறவிட்டுக்கொண்டு நிற்பேன். ஆனால் சமைக்கத் தெரியாதவனுக்கும் கறியில் உப்புக் கூடினால் தெரியும் அல்லவா? அந்த அளவில் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தீர்க்கதரிசனத்தை நம்புகிறவன். தீர்க்கதரிசியைக் கழுதை வாய் திறந்து திருத்திய கதை வேதத்தில் இருக்கிறது. மன்னாரிலே கழுதைக்குப் பஞ்சமில்லை. ஆராதனை நேரத்தில் வாசலில் வந்து நின்று தலையை உள்ளே நீட்டும். சில பிரசங்கங்களுக்கு அது தலையாட்டியதைப் பார்த்து எனக்கு ஆறுதல் வந்ததும் உண்டு.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவன் அல்ல. ஒருமுறை வெளியூரிலிருந்து பெயர்பெற்ற தீர்க்கதரிசி ஒருவர் வந்தார். கையை நெற்றியில் வைத்து, "இங்கே முதுகு வலியோடு ஒருவர் வந்திருக்கிறீர்கள்" என்றார். கூடியிருந்தவர்கள் வலை இழுக்கிறவர்கள், மேசன்மார், மீன் கூடை சுமக்கிற பெண்கள். ஒருவர் மிச்சமில்லாமல் எழுந்து நின்றார்கள். முன்னால் நின்ற நானும் கையை உயர்த்தினேன், வலி உண்மைதானே. அவர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்.

எங்கள் சபையின் சொந்தத் தீர்க்கதரிசி பிலோமினா அக்கா. ஓலைத்தொடுவாயில் இடியப்பம் அவித்து விற்கிறவர். குரலும் பெரிது, மனமும் பெரிது, கோபமும் அதே அளவு. காலையில் ஊரே அவருடைய அடுப்படிக்கு வரும். யார் வீட்டில் சண்டை, யாருக்குக் காய்ச்சல், எவளுக்குக் கலியாணப் பேச்சு, எல்லாம் சொதியோடு சேர்ந்து அங்கே கொதிக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவர் சொல்லும் வார்த்தைகளில் பாதி இடியப்பத்தோடு வந்தவை என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வதுண்டு. இன்னொரு வேடிக்கை, அக்கா வாய் திறந்தால் மன்னார்ப் பேச்சுத்தான். தீர்க்கதரிசனம் வந்துவிட்டால் சுத்தமான வேதத் தமிழ். கர்த்தர் எங்கள் சபையில் ஒருநாளும் 'வாறன்' என்று சொன்னதே கிடையாது.

ஆனால் மற்றப் பாதி இருக்கிறதே, அதற்கு முன்னால் என் சிரிப்பு செல்லாது. ஒருநாள் முன்பின் தெரியாத மனுஷர் ஒருவர், கொண்டச்சிப் பக்கத்தவர், பின் கதவருகே வந்து நின்றார். அக்கா கண்ணைத் திறக்காமலே, "மகனே, வாசலில் இருக்கிற அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வை. நான் உன்னோடு இருக்கிறேன்" என்றார். அந்த மனுஷர் அப்படியே நிலத்தில் இருந்து கதறி அழுதார். கடலுக்குப் போய் வராத மகனுடைய செருப்பை அவர் வீட்டு வாசலிலேயே வைத்திருந்தாராம். அக்காவுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று துருவித் துருவிப் பார்த்தேன். இன்றுவரை விடை கிடைக்கவில்லை. துக்கத்தில் கிடப்பவனுக்கு 'உன்னை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று ஒரு குரல் கேட்கவேண்டும். சபைக்குத் தீர்க்கதரிசனம் எதற்கு என்று என்னைக் கேட்டால் நான் அந்தச் செருப்பைத்தான் காட்டுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முன்னால் விரித்திருக்கும் பனையோலைப் பாயில் ஒருவர் வந்து இருந்தால், 'எனக்கு ஒரு வார்த்தை வேண்டும்' என்று அர்த்தம். சோதனை எழுதப் போகிற பிள்ளை, சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போகிறவர், விசாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர், எல்லாருக்கும் அந்தப் பாய்தான். வார்த்தை வந்து, சபை ஆமென் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கினால் விசுவாசமில்லாதவர் என்ற பேர் வந்துவிடும். கோயிலில் கலியாண ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளை ஒளித்தோடுவது மாதிரித்தான்.

நாடே வரிசையில் நின்ற அந்த நெருக்கடி வருடம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, காஸுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை. வரிசையில் நின்றபடியே ஜெபிக்க எங்கள் சனம் பழகியிருந்தது. எங்கள் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழ்நாட்டுக்குப் படகேறத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை றீற்றா முன்பாயில் வந்து இருந்தாள். பக்கத்தில் கணவன் ஜெயந்தன், மடியில் மகள் அபி. இரண்டு பேருமே தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, ஊர் திரும்பி, இங்கே கலியாணம் செய்தவர்கள். றீற்றாவுக்கு அந்தக் கரை அந்நியம் அல்ல. ஜெயந்தன் மேசன். சீமெந்து விலை ஏறிய பிறகு ஒருவரும் ஒரு கல்லுக்கூட வைப்பிக்கவில்லை, அவனுக்கு வேலை நின்றுபோயிருந்தது. பிள்ளைக்கு முட்டு வருத்தம், தூசு பட்டாலே நெஞ்சு இழுக்கும். ஒரு படகுக்காரன் இவர்களுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை பொழுதுபடப் பயணம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அக்கா எழுந்தார். "என் மகளே, பயப்படாதே. கடலிலே உனக்கு ஒரு வழியை வைத்திருக்கிறேன். நீ புறப்படு. நான் உனக்கு முன்னே போகிறேன்" என்றார். தகரம் அதிர ஆமென் விழுந்தது. றீற்றா அழுதுகொண்டே சிரித்தாள். ஜெயந்தனுடைய முகம் மட்டும் சாம்பல் பூத்துப்போயிருந்தது.

ஜெபம் முடிந்து நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்க, அவன் பின்னால் வந்து நின்றான்.

"பாஸ்டர், நாளைக்குப் பொழுதுபட வெளிக்கிட வேணுமாம்."

"ஆர் சொன்னது?"

"படகுக்காரன். இப்ப கர்த்தரும்."

"உமக்கு என்ன விருப்பம்?"

"எனக்குப் பயம் பாஸ்டர். மேசன் வேலை செய்யிறவன், எனக்கு நீந்தவும் தெரியாது. அவங்கள் அந்தக் கரைக்குக் கொண்டுபோய் விடமாட்டாங்கள். நடுக்கடலில தீடையில, மணல் திட்டியில இறக்கிப்போட்டுத் திரும்பிடுவாங்கள். அந்தப் பக்கத்து நேவி கண்டு ஏத்துமட்டும் வெயிலுக்க இருக்கவேணும். அதில வைச்சுப் பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கினா நான் ஆரைக் கூப்பிடுறது?"

"அப்ப, போகேலாது எண்டு சொல்லும்."

"எப்பிடிச் சொல்லுறது? வீட்டில ஒவ்வொரு நாளும் சண்டை. 'கர்த்தர் ஒரு வார்த்தை தந்தா வாறன்' எண்டு சொல்லிப்போட்டன். தந்திட்டார். சபை முழுக்க ஆமென் சொல்லிட்டுது. நீங்களும் சொன்னனீங்கள்."

அது உண்மைதான். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவன் என் சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டான்.

"பாஸ்டர், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. 'போகாதே எண்டு கர்த்தர் சொல்லுறார்' எண்டு. நீங்கள் பாஸ்டர்தானே, உங்கட வார்த்தை அக்கான்ர வார்த்தைக்கு மேல."

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் பாதிப்பேர் அதைச் செய்திருப்பீர்கள். எனக்கும் ஆசை வந்தது. எவ்வளவு சுலபம்! கண்ணை மூடவேண்டும், குரலைக் கொஞ்சம் உயர்த்தவேண்டும், ஒரு பிள்ளை காப்பாற்றப்படும். நோக்கம் நல்லது, வேறென்ன வேண்டும்? ஆனால் என் வாயில் இல்லாத வார்த்தையைக் கர்த்தருடைய வாயில் வைத்தால், அக்காவை நான் திருத்தியவன் ஆகமாட்டேன், அவருக்குப் போட்டிக் கடை திறந்தவன்தான் ஆவேன். அடுத்த கிழமை மூன்றாவது ஆள் இன்னொரு வார்த்தையோடு எழும்புவார். சனம் யாருடைய சத்தம் பெரிது என்று பார்த்து நம்பும்.

எங்கள் பக்கத்து நேவிக்குத் தகவல் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. பொலிஸ், வழக்கு, கோர்ட் என்று அந்தக் குடும்பம் இழுபடும். பிறகு அந்த ஊரில் ஒருவரும் எனக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார்கள். அதையும் விட்டேன். ஜெயந்தனிடம், "நாளைக்குக் காலமை நான் வாறன். அதுமட்டும் பொறும்" என்று மட்டும் சொன்னேன். அவன் நம்பிக்கை இல்லாமல் போனான்.

சனிக்கிழமை காலையில் பிலோமினா அக்கா வீட்டுக்குச் சைக்கிள் உழக்கினேன். காஸ் இல்லாததால் விறகு அடுப்பு, அடுப்படி முழுக்கப் புகை. அக்கா இடியப்ப உரலில் மாவைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நேற்று றீற்றாவுக்குச் சொன்ன வார்த்தையைப் பற்றிக் கதைக்க வந்தனான் அக்கா."

"கர்த்தர் சொன்னதைப் பற்றி நீங்கள் என்னத்தைக் கதைக்கிறது?"

"அதைச் சோதிச்சுப் பாக்கச் சொன்னதும் அவர்தானே."

"என்ர வரத்தைச் சோதிக்கவோ காலங்காத்தால வந்தனீங்கள்?"

"ஓம் அக்கா, அதுக்குத்தான்."

அக்கா உரலை அழுத்திய அழுத்தில், அன்றைக்குத் தட்டில் விழுந்தது நான்தான் என்று நினைக்கிறேன். நான் பலகையை இழுத்துப்போட்டு இருந்தேன். இது கர்த்தரிடமிருந்து வந்ததா, பிசாசிடமிருந்து வந்ததா என்றெல்லாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எந்தத் தீர்க்கதரிசியும் கதவைச் சாத்திவிடுவார். என்ன கண்டார் என்று மட்டும் கேட்டேன்.

"கண்ணை மூடின உடன என்ன தெரிஞ்சுது?"

"கடல்."

"பிறகு?"

"றீற்றா அழுதுகொண்டு நிண்டாள்."

"'புறப்படு' எண்டது?"

அக்கா அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். மூடியைத் திறந்து பார்த்தார், திரும்ப மூடினார்.

"புதன்கிழமை இந்த இடத்தில, நீங்கள் இருக்கிற அந்தப் பலகையிலதான் இருந்து அழுதவள். 'வெறுந் தேத்தண்ணியைக் குடுத்துக் குடுத்துப் பிள்ளையை எத்தினை நாளைக்கு அக்கா ஏமாத்துறது' எண்டு. எனக்குத் தாங்கேல்லை. நேற்று அவள் முன்பாயில வந்து இருந்து என்ர முகத்தைப் பாத்தாள். அவள் கேக்க வந்ததை நான் குடுத்திட்டன் போல கிடக்கு." பிறகு, "எது அவற்ற சத்தம், எது என்ர பரிதாபம் எண்டு பிரிக்கேலாமல் போச்சு பாஸ்டர்" என்றார்.

காசுக்கும் பேருக்கும் பொய் சொல்கிற தீர்க்கதரிசியைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை அல்ல. அவருடைய காரைப் பார்த்தாலே போதும். இரக்கத்தினால் தவறுகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அவருக்கே அது தெரியாது. அன்று அந்தப் புகைக்குள் அக்காவைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. அவர்மேல் அன்புதான் கூடியது.

"இதை அவளிட்டயே வந்து சொல்லுங்கோ அக்கா."

"சொன்னா? இனி நான் வாய் திறந்தா ஆர் நம்புவினம்? அந்தச் செருப்புக்காரனுக்குச் சொன்னதும் பொய் எண்டு ஆகாதோ? அந்த மனுசன் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் சீவிக்குது."

அக்கா ஒரு பார்சல் இடியப்பத்தைக் கட்டி என் கையில் திணித்து, "போட்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

வேலை கெட்டது என்று நினைத்துக்கொண்டு றீற்றா வீட்டுக்குப் போனேன். உடுப்புப் பை வாசலில் கட்டி வைத்தபடி இருந்தது. அவள் அபிக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"றீற்றா, கர்த்தர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. மனுசனாச் சொல்லுறன், இந்தப் பிள்ளையைக் கொண்டு படகு ஏறாதையும்" என்றேன்.

"நீங்கள் சொல்லுறது மனுசன்ர சொல்லு. அக்கா சொன்னது கர்த்தற்ற வார்த்தை. நான் எதைப் பாஸ்டர் கேக்கிறது?" அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "சரி, நான் போகேல்லை. பிள்ளைக்குப் பால்மா ஆர் தாறது? நீங்கள் தருவீங்களோ? இவருக்கு ஆர் வேலை குடுக்கிறது? இவ்வளவு நாளும் எங்கட வாசலுக்கு வராதனீங்கள், இண்டைக்கு மறிக்க மட்டும் வாறியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முன்பாயில் வந்து இருக்கிறவர்கள் வார்த்தை கேட்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். அதற்குள் பசி இருக்கும், வேலை இருக்காது, கேட்க ஆளும் இருக்காது. என் கையில் இருந்தது அந்தப் பார்சல் ஒன்றுதான். அதை அவிழ்த்து அபியிடம் கொடுத்தேன். பிள்ளை சம்பலும் இல்லாமல், சொதியும் இல்லாமல் பிய்த்துப் பிய்த்துத் தின்றது. நாங்கள் பெரியவர்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது படலை திறந்த சத்தம் கேட்டது. பிலோமினா அக்கா. கையில் மா காயவில்லை, சேலையெல்லாம் புகை மணம், அந்த வெயிலில் மணலுக்குள் நடந்து வந்த களைப்பில் மூச்சு வாங்கினார். ஆராதனைக்கு வரும்போது வெள்ளைச் சேலையும் வேதப் புத்தகமுமாக வருகிற மனுஷி.

"றீற்றா, நேற்று 'புறப்படு' எண்டு சொன்னது நான். கர்த்தர் இல்லை" என்றார். பக்கத்து வளவில் தலைகள் எட்டிப் பார்த்தன. அக்கா அந்தப் பக்கம் திரும்பினார். "நேற்று எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னனான். வேலிக்கு மேலால பாக்கிறவையும் வடிவாக் கேளுங்கோ. என்ர பேரப்பிள்ளையை நான் அந்தப் படகில ஏத்தமாட்டன். பிறகு உன்ர பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுவன்?"

றீற்றா ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப அவர் என்னதான் சொன்னவர் அக்கா?"

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை மகள்."

"உங்கட வார்த்தையைப் பிடிச்சுக்கொண்டுதானே நான் உடுப்பு அடுக்கினனான். அதையும் எடுத்திட்டா எனக்கு வேற என்ன கிடக்கு?"

அவள் குந்தியிருந்து அழுதாள். அக்காவும் சிரமப்பட்டுக் குனிந்து அவள் பக்கத்தில் இருந்தார். நான் வேதத் தமிழை எதிர்பார்த்தேன். வந்தது வேறு.

"இஞ்ச பார். நாளைக்கு விடியப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு என்ர அடுப்படிக்கு வா. பிழிஞ்சு பிழிஞ்சு எனக்குக் கை ஏலாது, ஆள் வேணும். என்ர அடுப்பு எரியுமட்டும் உன்ர பிள்ளை பசி கிடவாது. இதுக்குக் கர்த்தர் வரத் தேவையில்லை. இதைச் சொல்லுறது நான், பிலோமினா."

ஜெயந்தன் உடுப்புப் பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். அன்று பொழுதுபட அவர்கள் வெளிக்கிடவில்லை.

இந்தக் கதையை நான் பயிற்சி வகுப்பில் சொன்னபோது, "அந்தப் படகு கவிழ்ந்ததா ஐயா?" என்று ஆவலோடு கேட்டார்கள். இல்லை. சுகமாகப் போய்ச் சேர்ந்தது. தீடையில் வெயிலில் வாடினாலும், எல்லாரும் உயிரோடு முகாமுக்குப் போனார்கள். றீற்றாவுக்கு அங்கிருந்து தொலைபேசி வந்தது. அவள் என்னைக் கண்டு, "பாத்தீங்களோ பாஸ்டர், போயிருந்தா நாங்களும் போய்ச் சேந்திருப்பம்" என்றாள். இருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அபியின் நெஞ்சு அந்த வெயிலையும் காற்றையும் தாங்கியிருக்குமா என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. படகில் போனவர்கள் கரை சேர்ந்ததை வைத்து வார்த்தையை நிறுக்கிறவர்கள் நிறுக்கட்டும். கர்த்தர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சொல்லி ஒரு பிள்ளையை அதில் ஏற்றக்கூடாது, எனக்கு அவ்வளவுதான் விளங்கும்.

அக்கா அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் வாயே திறக்கவில்லை. அந்த நாட்களில் கொண்டச்சி மனுஷர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அக்காவை வாசலில் மறித்து, "எனக்குச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். அக்கா அவரை நேராகப் பார்த்தார்.

"அது நான் இல்லை. உங்கட வாசல் எந்தப் பக்கம் கிடக்கெண்டே எனக்குத் தெரியாது."

மனுஷர் நம்பினார். தன் பிழையை வேலிக்கு மேலால் ஊருக்கே சொன்ன மனுஷி இதில் ஏன் பொய் சொல்லப்போகிறார்? அக்கா திரும்பவும் வார்த்தை சொல்லத் தொடங்கினார், இப்போது ஒரு முறையோடு. "இது அவர் எண்டு நினைக்கிறன்" என்பார். "இது நான்" என்பார். அதிகம் சொல்வது, "எதெண்டு தெரியேல்லை, நீங்களே சோதிச்சுப் பாருங்கோ." வெளியூர் ஊழியர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். எங்கள் சனத்துக்குப் பழகிவிட்டது.

உங்களிடம் நல்ல மைக் இருக்கிறது, கீபோட் இருக்கிறது, ஆராதனையை உலகமே நேரடியாகப் பார்க்கிறது. நல்லது. வார்த்தை வரும்போது தடுக்காதீர்கள். வந்து முடிந்த பிறகு, சொன்னவருடைய அடுப்படிக்கும் கேட்டவருடைய அடுப்படிக்கும் ஒருக்கால் போய் வாருங்கள். எனக்குத் தெரிந்த இறையியல் அவ்வளவுதான்.

போன கிழமை ஓலைத்தொடுவாய்ப் பக்கம் போனேன். உரல் இப்போது றீற்றாவின் கையில். அக்கா கதிரையில் இருந்தபடி அவள் பிழிவதில் பிழை பிடித்துக்கொண்டிருந்தார். அவளும் சும்மா விடவில்லை, "வாய் நோகேல்லையோ அக்கா?" என்று கேட்டாள். அபி பள்ளிக்கூட உடுப்போடு ஓடிவந்து, "முதல் தட்டு எனக்குத்தான் பாஸ்டர், உங்களுக்கு ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு, ஆவி பறக்க எடுத்து வாய் நிறையத் திணித்தாள்.

எங்கள் தகரக் கூரைக்குக் கீழே எத்தனையோ வார்த்தைகளுக்கு ஆமென் சொல்லியிருக்கிறோம். அன்று அந்த வாசலில் அக்கா தன் பேரைச் சொல்லிச் சொன்னதற்கு ஒருவருமே ஆமென் சொல்லவில்லை. அபி மென்று விழுங்கி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்று, மெல்ல நான் சொன்னேன்.